மூடிய குழியில் களை பார்க்கிற வேலை

களை பிடுங்குகிறவளுக்குக் குனியத் தெரிந்தால் போதும். களை பார்க்கிறவளுக்குக் குனியவும் தெரிய வேண்டும், பார்த்ததைச் சொல்லவும் தெரிய வேண்டும், அதைக் கேட்டு மேலே இருப்பவர்கள் என்ன முடிவு செய்தாலும் வாயை மூடிக்கொண்டு நிமிரவும் தெரிய வேண்டும்.

நான் இந்த இரண்டாவது வேலைக்காரி. ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்துக்கு மேலே பாக்சைட் வெட்டி முடித்த ஒரு பெரிய குழியை மண் போட்டு மூடி, மேலே சில்வர் ஓக் மரமும் புல்லும் வைத்திருக்கிறார்கள். வைத்தது வளர்கிறதா, வைக்காதது எதுவும் வளர்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. வைத்தது மெதுவாகத்தான் வளரும். வைக்காததைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் காட்டு வேலை செய்து இடுப்பு விட்டுப்போனவர்கள் இருப்பீர்கள். 'இன்னும் கொஞ்ச நாள்' என்று யாரோ சொல்ல, அந்தக் கொஞ்ச நாளிலேயே தலை நரைத்துப்போனவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும், பாவமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடிய அந்தக் குழிக்கு நடுவில் எங்கள் நிலமும் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் சாமையும் ராகியும் விளைந்த மேட்டு நிலம். எங்கள் பக்கம் அதைக் காடு என்போம். கம்பெனிக்காரர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெட்டி முடித்து, மூடி, பச்சை பிடித்து, களையில்லாமல் தேறிவிட்டது என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் பாஸ் போட்டதும் திருப்பித் தருவதாகப் பேச்சு. பாஸ் ஆனால் திருப்பூரில் இருக்கிற என் மகன் செல்வராசு குடும்பத்தோடு ஊருக்கு வந்து காப்பிச் செடி வைப்பான். ஆகாவிட்டால் அவன் அங்கே, நாங்கள் இரண்டு கிழடுகள் இங்கே. ஆக, சொந்த நிலம் தேறுமா தேறாதா என்று கூலிக்குப் பார்க்கப் போனவள் நான்.

வேண்டிக்கொண்டு வீசியது

எங்கள் கருவி ஒரு சட்டம். தண்ணீர்க் குழாயை நாலு துண்டாக வெட்டிச் சதுரமாகப் பொருத்தியது. வாசலில் சின்னக் கோலம் போடுகிற அளவு இருக்கும். திரும்பி நின்று, பின்பக்கமாக, பார்க்காமல் வீச வேண்டும். அது எங்கே விழுகிறதோ அங்கே போய் உட்கார்ந்து, சட்டத்துக்குள் நட்ட செடி எவ்வளவு, புல் எவ்வளவு, களை எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு என்று நான் சொல்ல, கூட வருகிற கம்பெனி ரைட்டர் எழுதுவார். ஏன் பார்க்காமல் வீச வேண்டும் என்றால், பார்த்து வீசினால் கை தானாகவே நல்ல இடமாகத் தேடிப் போட்டுவிடுமாம். நியாயந்தான். எந்தத் தாயின் கையும் அப்படித்தான் போடும்.

முதல் நாள் எங்கள் நிலத்து எல்லைக்குள் கால் வைத்ததும், சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சேர்வராயா, நல்ல எடமாப் பாத்து உளுக வையப்பா" என்று எங்கள் மலைச்சாமியை வாய்விட்டே வேண்டிவிட்டேன். வீசினேன். மெத்தை மாதிரி புல் படர்ந்திருந்த இடத்தில் போய் விழுந்தது. ஒரு களை கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ரைட்டர் எழுதவில்லை. வாழவந்தி ஊர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். போய்ச் சட்டத்தை எடுத்துவந்து என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"இது செல்லாதுங்க அக்கா. வேண்டிக்கிட்டு வீசுனா அது சாமி கணக்கு. வேண்டாம வீசுனாத்தான் சயின்ஸ் கணக்கு. இன்னொருக்கா வீசுங்க."

பூவுக்கு வந்த வக்கீல்

அந்த இன்னொருக்கா எங்கே விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? உண்ணிமுள் புதர்மேல். மலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சனியன் அது. மஞ்சளும் ரோஸும் கலந்து கொத்துக் கொத்தாகப் பூ, கறுப்பு மணி மாதிரிப் பழம், தொட்டால் கையைக் கீறுகிற தண்டு. ஆடு மாடு தின்றால் படுத்துவிடும். ஒரு தூரைத் தோண்டி எடுத்து நிமிர்வதற்குள் குருவிகள் பழத்தைத் தின்று வேறு பக்கம் எச்சமிட்டு விதைத்துவிடும். குருவிக்கு நாம் கூலி கொடுப்பதில்லை, இருந்தாலும் அது லீவே போடுவதில்லை.

என்னோடு வேலை செய்தவள் மஞ்சக்குட்டை ஊர்ச் சின்னப்பொண்ணு. வயதில் சிறியவள், வாயில் பெரியவள். இந்த நிலத்தில் ஆடு நுழையக்கூடாது என்று வேலி போட்டபோது, மேய்க்க இடமில்லாமல் ஆட்டையெல்லாம் விற்றுவிட்டு வேலைக்கு வந்தவள். ஒருநாள் நாங்கள் ரோட்டோரம் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கி உண்ணிப்பூவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் ஒதுங்கி நின்றோம். படம் முடிந்தது என்று மண்வெட்டியைப் போட்டதும், "ஐயோ, ஏன் வெட்டறீங்க?" என்று கத்தினாள். இது களை, நிலத்தைக் கெடுத்துவிடும் என்று நான் பொறுமையாகத்தான் சொன்னேன். சின்னப்பொண்ணுதான், "வேணும்னா வேரோட எடுத்துட்டுப் போங்க கண்ணு. லாரி கொண்டாந்தாலும் ஏத்தி உடறோம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இவ்வளவு அழகான ஊர்ல இருந்துக்கிட்டு, ஒரு பூவோட அருமை தெரியலையே உங்களுக்கு, ஆன்ட்டி!"

கழற்றிக் கொடுத்த ஆரோக்கியம்

ஜல்லி ஏற்றி வந்த லாரிகளோடு வந்தது பார்த்தீனியம். வெள்ளையாகப் பொடிப் பூ. பார்த்தால் கொத்தமல்லிக்கு அக்காள் மாதிரி சாதுவாக நிற்கும். பிடுங்கினால் தெரியும். கை அரிக்கும், தடிக்கும், தோல் வெடிக்கும். எனக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. சின்னப்பொண்ணுவுக்குத்தான் விரலெல்லாம் புண்ணாகி, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். 'தொரைச்சாணி சாப்புடறா பாரு' என்று அவள் மாமியார் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். கையுறை வேண்டும் என்று நாங்களும் கேட்டுக்கொண்டே இருந்தோம். வரும் வரும் என்றார்கள்.

வந்தது. மேலிடத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வந்த அன்று காலையில், நீல நிறத்தில், கவர் பிரிக்காமல் வந்தது. போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம். படம் பிடித்தார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் பக்கத்தில் வந்து, "கையுறை இல்லாம இந்தச் செடியைத் தொடவே கூடாதும்மா. உங்க ஆரோக்கியந்தான் எங்களுக்கு முக்கியம்" என்றார். அந்தக் கையோடேயே கும்பிட்டோம். கார்கள் வளைவு திரும்பின. ரைட்டர் ஒரு சாக்கைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். அடுத்த விசிட்டுக்கும் புதுசாக இருக்க வேண்டுமாம். அவருக்கே தலை நிமிரவில்லை, பாவம். சின்னப்பொண்ணு ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள்.

"ஏனுங்க ரைட்டரே, ஆரோக்கியத்தை அப்படியே போடறதுங்களா, உள்பக்கத்தைத் திருப்பிப் போடறதுங்களா?"

பொங்கல் கொண்டுவந்த செடி

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து, வாசலிலும் தொழுவத்திலும் காட்டின் மூலைகளிலும் செருகுவது. கெட்டது எதுவும் உள்ளே வராது. பூளைப்பூ எங்கள் மேட்டில் கிடையாது. சேலத்திலிருந்து பஸ் கூரையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். வெள்ளையாய், பஞ்சு பஞ்சாய் இருக்கும். நிலம் கம்பெனி கையில் இருந்தாலும் மூலை எங்கள் மூலைதானே? நிலம் கொடுத்த வீட்டுக்காரர் எல்லோரும் வருஷம் தவறாமல் வந்து, கம்பெனி நட்ட எல்லைக் கம்பங்களில் காப்பைக் கட்டிவிட்டுப் போவோம். ரைட்டர் அன்றைக்கு மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருஷம் நல்ல மழை. புல் கரும்பச்சையாக நின்றது. உண்ணிமுள்ளை அடியோடு எடுத்திருந்தோம். இந்தத் தடவை பாஸ்தான் என்று ரைட்டரே சொன்னார். செல்வராசுவும் பனியன் கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டான். ஆய்வுக்கு வருகிற மேடம் சேலத்திலிருந்து வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். செடியெல்லாம் படித்தவர், குனிந்து வேலை செய்யக் கூச்சப்படாதவர். சட்டத்தை வீசிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனவர் எல்லைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கம்பத்தைச் சுற்றி வெள்ளையாய், பஞ்சு பஞ்சாய் ஒரு செடி. அடுத்த கம்பத்துக்குப் போனார். அங்கேயும் அதே செடி. எல்லாக் கம்பத்தின் காலடியிலும் அதே செடி, அங்கிருந்து உள்பக்கமாகவும் இறங்கிப் பரவியிருந்தது.

"இது போன வருஷம் இங்க இல்லையே. மண்ணைக் கிளறி ஆறாத இடத்துலதான் இது இப்படிப் பரவும். ஆனா கம்பத்தைச் சுத்தி எப்படி வந்துச்சு? லாரி கொண்டாந்துச்சா, மாடு கொண்டாந்துச்சா?" என்று கேட்டார். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ரைட்டர் வானத்தைப் பார்த்தார். சின்னப்பொண்ணுதான் வாயைத் திறந்தாள்: "பொங்கல் கொண்டாந்துச்சுங்க மேடம்." விஷயத்தைச் சொன்னதும் மேடம் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். நாங்களும் தைரியம் வந்து சிரித்தோம். ரைட்டரும் சிரித்தார். அப்புறம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

"சிரிச்சுட்டேன்னு பாஸ் போட முடியாதும்மா."

எத்தனாங் கிளாஸ்

செல்வராசுவுக்கு வேலை செக்கிங். தைத்து வருகிற பனியனில் பிசிறு, ஓட்டை பார்த்து ஒதுக்குவது. ஒருவகையில் அவனும் களை பார்க்கிறவன்தான். நின்றுகொள்வதாகச் சொன்ன அதே முதலாளியிடம் போய், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று அவனுக்கு. அதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை, மருமகள்தான் சொன்னாள். போனில் நான் அழுதால் அவன் சிரிக்கவைக்கப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"ஏம்மா, எங்கூடப் பெயிலான பசங்கெல்லாம் கல்யாணங்கட்டி, அவனுக புள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பியாச்சு. நம்ம காடு மட்டும் இன்னும் அதே கிளாஸ்லயே உக்காந்திருக்குதா?"

காட்டுக்கு அர்ச்சனை

அடுத்த பொங்கலுக்குப் பூளைப்பூ இல்லாமல் வெறும் வேப்பிலையை மட்டும் கட்டினோம். காரணத்தைச் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். மனசு ஆறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காய் பழத்தோடு போனேன். மகள் பிரசவத்துக்கு, மகன் கல்யாணத்துக்கு என்று எத்தனையோ தடவை அர்ச்சனை செய்த சன்னிதிதான். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று கேட்டார். "காட்டுப் பேருக்குங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. களை இல்லாமல் பாஸ் ஆக வேண்டும் என்று விவரம் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. பெயருண்டு, நட்சத்திரம் இல்லை, என்ன செய்வது என்று நிஜமாகவே யோசித்தார்.

"நட்சத்திரந்தான் இல்லை, போனாப் போவுதுங்க. சர்வே நெம்பராவது சொல்லுங்க. ஆத்தா எடத்தைக் கண்டுபுடிச்சுக்குவா."

சாமை

ஆத்தா கண்டுபிடித்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மழைக்குச் சரிவில் மண் அரிக்காமல் இருக்க, மேலே தாள் பரப்பினார்கள். தாள் என்றால் கதிரறுத்த வைக்கோல். சுற்று ஊர்க் களங்களில் வாங்கியது. அதில் சாமைத் தாளும் இருந்திருக்கிறது. உதிராமல் ஒட்டியிருந்த மணிகளும் இருந்திருக்கின்றன. ஆய்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு நான் சட்டத்தை வீசிவிட்டுப் போய்ப் பார்த்தால், உள்ளே சாமை. கதிர் தலை சாய்ந்து நின்றது. அதுவும் எங்கள் நிலத்துப் பங்கில். கண்ணை ஓட்டினால் அந்தச் சரிவு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாமை.

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு ஆளனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் மடங்காது. தடியை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். குழி வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் பார்க்காத மனிதர். சாமைக்கு நடுவில் நின்று ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, வாயில் போட்டு மென்றார். ரைட்டர் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு தவித்தார். நட்டது அல்ல. விதைத்த புல்லிலும் சேராது. வெறும் மண்ணும் அல்ல. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அவரும் சாமைச் சோறு தின்று வளர்ந்தவர், அந்த வார்த்தையை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், "மேடம் வர்றதுக்குள்ள எடுத்துறலாங்க அக்கா. இல்லாட்டி இந்த வருசமும் போயிருங்க" என்றார்.

எடுத்தோம். சாமைக்குள்ளிருந்து களை எடுத்து வளர்ந்த கை இது. சாமையையே களையாக எடுத்தது அன்றைக்குத்தான். முற்றிய கதிர்களை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, காயவைத்துக் குத்திப் புடைத்தேன். ஒரு டம்ளர் அரிசி தேறியது. சாமிக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, கஞ்சி காய்ச்சி வீட்டுக்காரருக்கு ஊற்றினேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஊரு ஒலகத்துல எல்லாரும் களையப் புடுங்கி எறிவாங்க. நம்மூட்டுல மட்டுந்தான் ஆக்கித் திங்கறோம், புள்ள."

பாஸ்

பாஸ் ஆயிற்று. மேடமே சட்டத்தை வாங்கி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வீசினார். எங்கே விழுந்தாலும் புல், உதிர்ந்த இலை, இலைக்கு அடியில் ஈரம். மண்ணைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். மண் வாசனை வந்தது. "தேறிடுச்சும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கும் கண் கலங்கியிருந்தது. நான் சேர்வராயன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்து அங்கேயே விழுந்து கும்பிட்டேன். இந்தத் தடவை அதைச் செல்லாது என்று ரைட்டர் சொல்லவில்லை.

செல்வராசு கணக்கு முடித்துக்கொண்டு, பெண்டாட்டி, தையல் மிஷின், தட்டுமுட்டுச் சாமான் சகிதம் வந்து இறங்கினான். வந்த மறுநாளே தெரிந்த எஸ்டேட்டில் சொல்லிக் காப்பி நாற்று வாங்கிவந்து சுவரோரமாக வரிசையாக அடுக்கினான். பல வருஷத்துக்குப் பிறகு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. என் வீட்டுக்காரர் தடியை மறந்துவிட்டு நடந்தார்.

நிலத்தை ஒப்படைக்கிற நாள். நிலம் கொடுத்த எல்லோரும் சில்வர் ஓக் நிழலில் கூடினோம். ஆபீஸிலிருந்து வந்த ஒரு சார் தாளை வைத்துக்கொண்டு நிதானமாக, நல்ல முறையில்தான் வாசித்தார். நிலம் இன்று முதல் அவரவருக்குச் சொந்தம். மரத்தை வெட்டக் கூடாது, மலைச்சரிவு. உழக் கூடாது, போட்ட மண் வழிந்து ஓடிவிடும். ஆடு மாடு விடக் கூடாது. களை வராமல் பார்த்துக்கொள்வது நிலத்துக்காரர் பொறுப்பு. எல்லாம் எங்கள் நல்லதுக்காம்.

செல்வராசு எழுந்து, "காப்பி வெக்கலாமுங்களா சார்? மரத்துல கை வெக்க மாட்டோம். நெழல்லயே வந்துரும்" என்று கேட்டான். சார் யோசித்தார். "வெக்கலாம். குழி மட்டும் எடுக்கக் கூடாது. மேல் மண்ணைக் கிளறக் கூடாது" என்றார். குழி எடுக்காமல் காப்பி நாற்றை எங்கே வைப்பது, மரத்தில் தொங்கவிடுவதா என்று சின்னப்பொண்ணு என் காதில் முணுமுணுத்தாள். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். பத்துப் பேர் கூடின இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் இல்லாதவர். தடியால் மலையைச் சுற்றிக் காட்டினார்.

"ஏனுங்க சாமி, இந்த மலையவே கொடைஞ்சு லாரி லாரியா எறக்கிக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு யாரும் தோண்டாதீங்கன்னு சொல்லலைங்க. எம்பையன் மொழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்தா நெலம் கெட்டுப்போயிருங்களா?"

சார் கோபப்படவில்லை. இவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அன்பாகத்தான் சொன்னார்:

"அது அப்போங்க பெரியவரே. இப்பத்தான் உங்க நிலம் பாஸாயிருச்சே!"

செல்வராசு பொறுத்துப் பார்த்துவிட்டு, தையல் மிஷினைத் திரும்பவும் கோணிக்குள் கட்டிக்கொண்டு பெண்டாட்டியோடு திருப்பூர் பஸ் ஏறினான். காப்பி நாற்று சுவரோரம் பைக்குள்ளேயே வளர்கிறது. நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். பாஸான நிலத்துக்குச் சட்டம் எதற்கு என்று ரைட்டர் அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இருந்தாலும் காலையில் கும்பிட்டு முடித்ததும் கால் தானாக மேலே ஏறிவிடுகிறது. அன்று கூலிக்காரியாகக் காசு வாங்கிக்கொண்டு பார்த்த அதே களையை இன்று நிலத்துக்காரியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேலையில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய உயர்வு கிடைக்குமா என்ன?